கரையூர்த் திருவிழாவும் கூத்துப் பனுவலும்: மன்னார்க் கரையோர மரபு குறித்து ஒரு திறனாய்வு

ஈழத்து நாட்டுக்கூத்து ஆய்வில் மன்னார்ப் பிரதேசம் பெற்றுள்ள இடம் முரண்பாடானது. பனுவல்கள் அச்சேறிய அளவில் அப்பிரதேசம் முன்வரிசையில் நிற்கின்றது. அப்பனுவல்கள் திறனாய்வாளரின் கவனத்தைப் பெற்ற அளவை நோக்கின், அது பெரிதும் பின்தங்கியே உள்ளது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து வெளியிட்ட கூத்துப் பனுவல்களுள் 1962 இல் வெளிவந்த அலங்காரரூபன் நாடகம் மட்டக்களப்பு மரபைச் சார்ந்தது. அதனைத் தொடர்ந்து 1964 இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகமும், 1966 இல் மூவிராசாக்கள் நாடகமும், 1967 இல் ஞானசவுந்தரி நாடகமும் வெளிவந்தன. பின்னைய மூன்றும் மன்னார்க் கத்தோலிக்கரிடையே வழங்கிய நாடகங்களாகும்.

இதே காலப்பகுதியிற் பேராதனையில் வேறொரு முயற்சியும் நடைபெற்றது. கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை (1967) என்பன மட்டக்களப்பு ஆட்டமரபை அடியொற்றிப் பல்கலைக்கழக மேடைக்கு வந்தன. நவீன மேடை வேண்டி நின்றது ஆட்டத்தின் வலிமையை. மன்னார்க் கூத்தின் வலிமையோ பாட்டிலே தங்கியிருந்தது. ஆகவே மட்டக்களப்புக் கூத்து அரங்கிற் புத்துயிர் பெற, மன்னார்க் கூத்து நூலகத்தின் அடுக்கிலே அமர்ந்தது. ஒன்று ஆற்றுகையாகவும் மற்றையது ஏடாகவும் அறியப்பட்டமை பின்வந்த ஆய்வின் போக்கையே நிருணயித்து விட்டது எனலாம்.

ஏடாக மாத்திரம் அறியப்பட்ட ஒன்றை ஏட்டிலக்கியத்துக்குரிய அளவுகோல்களால் அளப்பது இயல்பே. யாப்பு வழு, சொற்சிதைவு, பிறமொழிக் கலப்பு, கதைப்பின்னலின் தளர்வு என்பன எடுத்துக்காட்டப்பட்டன. பரிவோடு நோக்கியோரும் ‘நாட்டார் கலைச் செல்வம்’ என்ற பொதுப் புகழ்ச்சிக்கு அப்பாற் செல்லவில்லை. இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒரே குறைபாட்டிலிருந்து பிறந்தவை. இப்பனுவல்களைத் தோற்றுவித்த சமூக நிறுவனத்தை இரண்டுமே கணக்கிற் கொள்ளவில்லை. அந்நிறுவனம் கரையூர்த் திருவிழாவாகும். மன்னார்க் கரையோரத்தின் கோடைகாலத் திருவிழாவை விளங்கிக் கொள்ளாது அதன் கூத்துப் பனுவல்களை மதிப்பிடுதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

திருநாட் கணக்கும் காற்றுக் கணக்கும்

மன்னாரின் கோடைகாலத் திருநாள்கள் ஒரு சங்கிலித் தொடர்போல் அமைந்தவை. யூன் 13 இல் அந்தோனியார், யூன் 29 இல் இராயப்பர் சின்னப்பர், யூலை 2 இல் மடு மாதா, யூலை 25 இல் சந்தியோகுமையோர், யூலை 26 இல் ஆனாள், ஓகஸ்ட் 10 இல் லோறன்சியார், ஓகஸ்ட் 15 இல் மரியாளின் விண்ணேற்பு என அவை தொடர்கின்றன. மன்னார் நகருக்குத் தெற்கே குடாக்கடலை நோக்கி அமைந்த வங்காலையின் பாதுகாவலி ஆனாள் ஆதலின், யூலை 26 அவ்வூரின் பெருநாள். கொடியேற்றம், நவநாள் வழிபாடு, வேஸ்பர் எனப்படும் மாலை ஆராதனை, திருநாட் பூசை, சுரூபத்தைக் கூட்டில் வைத்து ஊர்சுற்றுதல் என்ற ஒழுங்கு கரையூர்கள் யாவற்றுக்கும் பொதுவானது. அவ்வொழுங்கின் ஓரத்திலே, ஆலய முன்றலில் விடிய விடிய ஆடப்படுவதாய்க் கூத்து இடம்பெற்றது.

இத்திருநாள்கள் திருச்சபையின் நாட்காட்டியிலிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கரையோர மக்களின் வாழ்வில் அவை பொருள் பெற்றது இன்னொரு நாட்காட்டியினாலாகும். மன்னார்த் தீவின் ஒருபுறம் பாக்கு நீரிணை; மறுபுறம் மன்னார் வளைகுடா. வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை சோழகக் காற்று வளைகுடாப் பக்கத்தைக் கொந்தளிக்கச் செய்யும். வாடைக் காற்றுக் காலத்தில் நிலைமை மாறிப் பாக்கு நீரிணைப் பக்கம் குழம்பும். வலையும் வள்ளமும் காற்றுக்கு ஏற்பக் கரை மாறுகின்ற தொழில் இது. தெற்கு நோக்கிய கரையிற் சோழகம் ஓங்கும் யூலை, ஓகஸ்ட் மாதங்கள் தொழில் தளர்ந்து மனிதர் கரையில் நிற்கும் மாதங்களாகும். கூத்துப் பழகுவதற்கு வேண்டிய இரவுகளும், வாடிகளுக்குச் சிதறிப் போனோர் ஊருக்குத் திரும்புவதற்கு வேண்டிய பகல்களும் இக்காலத்திலேயே கிடைத்தன. உழவர் சமூகத்தில் அறுவடைக்குப் பின்வரும் ஓய்வு எத்தொழிலைச் செய்ததோ, கரையோரச் சமூகத்திற் காற்றினால் விளைந்த ஓய்வு அத்தொழிலைச் செய்தது.

இவ்விரு நாட்காட்டிகளும் முரண்பட்ட இடமொன்று இவ்வாய்வுக்கு முக்கியமானது. மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த திருநாள் நூற்றாண்டுகளாக யூலை 2 ஆம் நாளில் அனுட்டிக்கப்பட்டு வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து, 1969 இற் செய்யப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தம் அதனை மே 31 ஆம் நாளுக்கு மாற்றியது. மடுவின் ஆடித் திருவிழாவோ இன்றும் யூலை 2 ஆம் நாளிலேயே நடைபெறுகின்றது. 1924 யூலை 2 இல் மடு மாதாவின் சுரூபத்துக்கு முடிசூட்டிய வரலாறும் அந்நாளுக்கு ஒரு தனிப்பெருமை சேர்த்தது. றோமாபுரியின் நாட்காட்டி மாறியபின்னும் மக்களின் நாட்காட்டி மாறவில்லை என்பது, இத்திருவிழாக்களின் உரிமை யாரிடம் இருந்தது என்ற வினாவுக்கு விடையளிக்கின்றது.

குருவில்லாக் காலமும் அண்ணாவியாரும்

அவ்வுரிமை எவ்வாறு மக்களிடம் வந்து சேர்ந்தது என்பதை வரலாற்று முறையில் நோக்குதல் வேண்டும். 1544 இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். கொலையுண்டோர் சுமார் 600 பேர் என்பது திருச்சபை மரபு. 1560 இற் போத்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658 இல் அக்கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி வழிபாட்டைத் தடைசெய்தனர். 1670 அளவில் மாந்தையிலிருந்த மாதாவின் சுரூபத்தைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் காட்டுக்குள் மருதமடுவுக்கு எடுத்துச் சென்றன என்பது மடுவின் தோற்றம் பற்றிய மரபு. கோவையிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687 இலாகும். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவில்லாக் காலம். அதன் பின்னரும் ஆங்கிலேயர் 1806 இற் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கும் வரை குருமாரின் வருகை அருகியதாகவும் மறைவானதாகவும் இருந்தது.

குருவில்லாத சபையை நடத்தியோர் யாவர்? மூப்பரும் அண்ணாவியாரும் என்கின்றது இலங்கைத் திருச்சபை வரலாறு. மூப்பர் ஊர்த்தலைமைக்கு உரியவர். அண்ணாவியார் செபம் சொல்லிக் கொடுத்துப் பாட்டு நடத்தியவர். இங்கே சொல்லாராய்ச்சி பெரிதும் பயன்படும். அண்ணாவி என்ற சொல்லுக்குத் தமிழிற் பொதுவான பொருள் ஆசிரியன் என்பது. திண்ணைப் பள்ளியிற் கற்பித்தவரும் அண்ணாவியே. ஆலயத்திற் செபம் நடத்தியவரும் அண்ணாவி. கூத்துப் பழக்கியவரும் அண்ணாவியார். பள்ளி, கோயில், அரங்கு ஆகிய மூன்றையும் ஒரே சொல் தழுவி நிற்பதைத் தற்செயலென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. கரையூரிலே எழுத்தும் வழிபாடும் கலையும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரியாது ஊராரின் பொறுப்பில் இருந்த ஒரு நிலையின் மொழிச் சான்று அது.

பூசையின் மொழி இலத்தீனாக இருந்தமையையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். தமிழிற் செபங்களும் பக்திநூல்களும் இருந்தன. யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742) போன்றோர் அதற்கு அரும்பணி ஆற்றினர். ஆயினும் பலிபீடத்தின் சடங்குமொழி இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகள் வரை மக்களுக்கு விளங்காத மொழியாகவே நீடித்தது. ஆகவே விவிலியக் கதையும் அர்ச்சியசிட்டவர் கதையும் முழுநீளமாய், உரையாடலாய், வாதமும் மறுவாதமுமாய் மக்கள் மொழியில் நிகழ்ந்த இடம் ஆலயத்தின் உள்ளே இல்லை, அதன் முன்றலிலே இருந்தது. கூத்தை ‘மதப்பிரசாரக் கருவி’ என ஒரு சொல்லில் முடித்துவிடும் கருத்து இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது. பிரசாரம் மேலிருந்து கீழ்நோக்கி வருவது. இங்கு நிகழ்ந்தது, மேலிருந்து வந்த ஒரு சமயத்தைக் கீழுள்ளோர் தம் மொழியில் மீண்டும் ஆக்கிக்கொண்ட செயலாகும்.

ஓர் ஒப்பியல் நோக்கு

இந்நிலை மன்னாருக்கு மாத்திரம் உரியதன்று. வழிபாட்டுமொழி ஒன்றாகவும் வாழ்வுமொழி வேறாகவும் இருந்த பிறிதொரு மீனவச் சமூகத்தை ஒப்புநோக்கினால் மன்னாரின் தனித்தன்மையும் துலங்கும். வட அத்திலாந்திக் கடலில் நோர்வேக்கும் ஐசுலாந்துக்கும் இடையில் உள்ள 18 தீவுகள் ஃபரோத் தீவுகளாகும். அவை டென்மார்க்கு முடியின் கீழ் உள்ளவை. 1948 முதல் உள்ளகத் தன்னாட்சி பெற்றவை. 16ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட சமயச் சீர்திருத்தத்தின் பின்னர் கோயில், பள்ளி, நீதிமன்றம் ஆகிய மூன்றிலும் டேனிய மொழி ஆட்சி செலுத்தியது. ஃபரோமொழிக்கு நிலையான எழுத்துமுறை 1846 இல் ஹம்மர்ஷைம்ப் என்பாரால் வகுக்கப்படும் வரை அது பெரிதும் வாய்மொழியாகவே வாழ்ந்தது. அது வாழ்ந்த இடங்களுள் தலையாயது கதைப்பாடல். வாத்தியம் எதுவுமின்றி, கைகோத்து வட்டமாய் நின்று, பாடுவோரின் குரலையும் நிலத்தை மிதிக்கும் காலோசையையும் மாத்திரம் துணைக்கொண்டு ஆடப்படும் சங்கிலி ஆட்டத்திலே அக்கதைப்பாடல்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன.

அத்தீவுகளின் கரையூர்களிலும் கோடைகாலமே விழாக்காலம். யூனில் சூதுரோய் தீவில் யோவான் திருநாளை ஒட்டிய விழா திவோரோய்ரி, வாகுர் ஆகிய ஊர்களில் மாறிமாறி நடைபெறும். கிளக்ஸ்விக் நகரில் வடதீவுகளின் விழா நிகழும். யூலை 28, 29 ஆம் நாள்களிற் தலைநகரான தோர்ஸ்ஹவ்னில் ஓலாவ் அர்ச்சியசிட்டவரின் பெயரால் அமைந்த பெருவிழா. படகோட்டப் போட்டியும் சங்கிலி ஆட்டமும் இவற்றின் உயிர்நாடி. அவர்களது பாராளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குவதும் ஓலாவின் திருநாளிலேயாகும். புரட்டஸ்தாந்தம் அர்ச்சியசிட்டவர் வழிபாட்டை நீக்கியது. திருநாளை நீக்க அதனால் முடியவில்லை. மடுவின் யூலை 2 இற்கு இது தக்கதோர் இணை.

உள்ளடக்கத்திலும் ஓர் ஒற்றுமை காணப்படுகின்றது. அந்த மீனவர் ஆடிப்பாடியது பெரும்பாலும் தமது கடலையோ வலையையோ குறித்தன்று. நாகத்தைக் கொன்ற சிகுர்தும், பிராங்கியப் பேரரசன் சார்ளிமேனும் அவர்களது கதைப்பாடல்களின் நாயகர். மன்னார் மீனவர் எண்டிறீக்கு என்னும் பேரரசனையும் கிழக்கிலிருந்து வந்த மூன்று அரசரையும் ஆடினர். தொழிலாளர் கலையிற் தொழில் நேரடியாகச் சித்திரிக்கப்பட வேண்டும் என எதிர்பார்க்கும் எளிய யதார்த்தவாதத்துக்கு இவ்விரு மரபுகளும் ஒருசேர விடையிறுக்கின்றன.

ஆயின் வேற்றுமையே இங்கு அதிகம் கற்பிப்பது. ஃபரோப் பாடல்களைச் சுவாபோ 1781–82 ஆம் ஆண்டுகளிற் திரட்டினார். 1822 இல் லிங்பி சிகுர்து பற்றிய பாடல்களை அச்சிட்டார். அவ்வாறு திரட்டப்பட்டவை நாளடைவில் ஒரு மொழியின் அடிப்படை இலக்கியமாகவே ஏற்கப்பட்டன. அம்மக்களுக்குத் தம்மொழியில் வேறு செவ்விலக்கியம் இருக்கவில்லை. மன்னார் மீனவரின் நிலை வேறு. அவர்களது தமிழுக்கு மேலே ஈராயிரம் ஆண்டு எழுத்திலக்கியம் நின்றது. அதன் காவலராய் யாழ்ப்பாணத்துப் புலமை மரபு நின்றது. ஆகவே ஓரிடத்தில் ‘மொழியின் ஊற்று’ எனப் போற்றப்பட்ட அதே இயல்பு மற்றோரிடத்தில் ‘கொச்சை’ என ஒதுக்கப்பட்டது. தரவேறுபாடு பனுவலில் இல்லை. பனுவலை மதிப்பிட்ட நிறுவனங்களின் அதிகார நிலையிலேயே உள்ளது. தமிழின் தொன்மைச் சிறப்பு, தமிழ் பேசிய உழைப்பாளரின் ஆக்கத்துக்கு எவ்வாறு தடையாயிற்று என்பதற்கு மன்னார்க் கூத்து ஓர் எடுத்துக்காட்டாகும்.

பனுவல்களை மீண்டும் நோக்கல்

மேற்கூறியவற்றின் ஒளியிற் பனுவல்களிடம் திரும்புவோம். எண்டிறீக்கு எம்பரதோர் என்ற தலைப்பை எடுத்துக்கொள்க. ஹென்றிக்கே, இம்பெரதோர் என்ற போத்துக்கேயச் சொற்கள் தமிழ் நாவில் உருமாறி நிற்பதே இத்தலைப்பு. தூய்மைவாத நோக்குக்கு இது சிதைவு. வரலாற்று நோக்குக்கு இது ஆவணம். போத்துக்கேயர் ஆட்சி 1658 இல் மன்னாரில் மறைந்தது. ஆட்சியாளரின் மொழியிலே பேரரசனைக் குறித்த சொல், ஆட்சி ஒழிந்து மூன்று நூற்றாண்டு சென்றபின்னும் மீனவர் அரங்கிலே ஒரு பாத்திரத்தின் பெயராய்த் தங்கியது. அரசனாய் வந்தவன் போய்விட்டான். அவனது பட்டத்தை அவனால் ஆளப்பட்டவன் முடியாகச் சூடி ஆடுகின்றான். சங்கிலி, போத்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மாறிமாறி வந்த அதிகாரங்களின் கீழ் வாழ்ந்த ஊரொன்று ஆண்டுதோறும் ஓரிரவு அரசவையைத் தன் முன்றலில் தானே அமைத்து, கட்டியக்காரனை வரவழைத்து, கொலுவைக் கூட்டிக் கலைத்தது என்பதில் அடங்கியுள்ள சமூகப் பொருள் சிறிதன்று.

மூவிராசாக்கள் நாடகம் இப்பொருளை மேலும் தெளிவாக்குகின்றது. கதை தை மாதத் திருநாளுக்கு உரியதாயினும், கரையூர்க் கூத்து மரபின் பொதுப்பண்பை அதிற் காணலாம். அதில் இரு வகை அரசர் உளர். தேடி வந்து பணிகின்ற அரசர் மூவர். பதவி அச்சத்தாற் குழந்தைகளைக் கொல்ல ஆணையிடும் ஏரோது ஒருவன். விவிலியக் கதை எங்கும் ஒன்றே. ஆயின் 1544 இன் நினைவைத் திருச்சபை மரபாகப் பேணிவந்த மன்னார் மண்ணில், தன் ஆட்சிக்கு அஞ்சிய மன்னனின் ஆணையால் மாசற்றோர் வெட்டுண்ட காட்சி வெறும் பெத்லகேம் நிகழ்ச்சியாக மாத்திரம் விளங்கியிருக்குமா? பனுவல் சங்கிலியின் பெயரைச் சொல்லவேண்டிய தேவையில்லை. பார்வையாளரின் நினைவும் பனுவலின் ஒரு பகுதியே. பனுவலைத் திருவிழாவிலிருந்து பிரித்து வாசிப்போருக்குக் கிடைக்காது போவது இந்தப் பகுதியாகும்.

ஞானசவுந்தரி கதை பரவலாக அறியப்பட்டது; 1948 இற் தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. மாற்றாந்தாயின் கொடுமையாற் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண், மாதாவின் அருளால் மீண்டும் கைகள் பெறுகின்றாள். திரையிற் பொதுவான துயரக்கதையாக அமைந்த இது, கரையூர் முன்றலில் வேறொரு பரிமாணம் பெறுகின்றது. வலை இழுப்பதும் வலை பொத்துவதும் மீன் வெட்டிக் கருவாடு போடுவதும் கையை நம்பிய தொழில்கள். கையிழத்தல் அங்கு அழகிழத்தலன்று, வாழ்விழத்தல். இழந்த கை திரும்பக் கிடைக்கும் கட்டத்தைக் கண்டு மக்கள் உருகியமைக்குப் பக்தி ஒரு காரணம். உழைப்பு மற்றொரு காரணம்.

வடிவம் பற்றியும் ஒரு சொல். மன்னார்க் கூத்து வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்படும். வடபாங்கு யாழ்ப்பாணப் பாங்கு. தென்பாங்கு மாதோட்டப் பாங்கு. வாசாப்பு எனப்படுவது நீண்ட நாடகத்தின் சுருங்கிய வடிவாய், வசனம் மிகுந்து ஓரிரவுக்கு அடங்குவது. இப்பெயரீடே மன்னாரை மையமாகக் கொண்ட ஒரு கலைப்புவியியலைச் சுட்டுகின்றது. யாழ்ப்பாணத்தின் பாணியையும் அறிந்து, தன் பாணியையும் பெயரிட்டு வேறுபடுத்திய விமரிசன உணர்வு அண்ணாவிமாரிடம் இருந்தது. கலைச்சொல் வகுத்தல் கற்றோரின் தனியுரிமை என்று கருதுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

மறுபக்கம்

இவ்வாறு கூறுவது திருவிழாவை ஒரு சமத்துவப் பொன்னுலகாகக் காட்டுவதாகாது. முற்போக்குத் திறனாய்வு நாட்டார் மரபைக் கண்டவுடன் கண்மூடி வணங்குவதற்குக் கடமைப்பட்டதன்று. திருவிழாச் செலவை ஏற்போருக்கே திருவிழாவில் முதன்மை. சம்மாட்டியாரின் பெயர் முன்வரும். அவரது வலையை இழுத்தவனின் பெயர் வராது. சுரூபத்தின் கூட்டை எவர் சுமப்பது, கொடியை எவர் தொடுவது என்பன சாதியும் குடிவழியும் தீர்மானித்த வினாக்களாய் நம் கரையோரங்களில் இருந்துள்ளன. ஞானசவுந்தரியின் துயரைப் பாடி ஆடியவரும் ஆண்களே. கைவெட்டுண்ட பெண்ணின் கதையிற் பெண்ணுக்கு அரங்கில் இடமிருக்கவில்லை. பனுவல்களின் முடிவும் பெரும்பாலும் இணக்கமே. கொடிய அரசன் வீழ்வான்; அரசு வீழ்வதில்லை. துயரம் தீரும், துயரத்தின் சமூகக் காரணம் தீராது.

ஆயினும் ஒரு நிறுவனத்தின் முரண்பாடுகள் அதன் உயிர்ப்புக்கும் சான்றாகும். பூசலிட்டுக்கொள்ளும் அளவுக்குத் திருவிழா ஊராருக்குப் பெறுமதி உடையதாக இருந்தது. ஊரின் சமூக உறவுகள் ஆண்டுக்கொருமுறை அனைவர் முன்னிலையிலும் உறுதிசெய்யப்பட்டன. சிலவேளை கேள்விக்கும் உள்ளாயின. அவ்வரங்கு இல்லாதொழியின், அதிகாரம் ஒழிவதில்லை. அது கண்ணுக்குப் புலப்படாததாகிவிடும்.

சிதைவும் இன்றைய பணியும்

கூத்தின் தேய்வுக்குச் சினிமாவையும் தொலைக்காட்சியையும் காரணங்காட்டுவது வழக்கம். மன்னாரைப் பொறுத்த அளவில் அது முழு உண்மையன்று. 1985 சனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் அடிகளார் ஆலய வளாகத்திலே கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள், வடமாகாணத்தின் ஏனைய முஸ்லிம்களோடு, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; கரையோரத்தின் பல்சமய அயலுறவு அதனாற் பெருஞ்சிதைவுற்றது. 1999 நவம்பர் 20 இல் மடுவில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து சுமார் 40 பேர் மாண்டனர். 2006 யூன் 17 இற் பேசாலை வெற்றி அன்னை ஆலயத்துள் தஞ்சமடைந்த மக்கள் தாக்கப்பட்டனர். 2008 ஏப்ரிலில் மடு மாதாவின் சுரூபம் கரையூரான தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஓகஸ்டில் மீண்டும் மடுவை அடைந்தது. 1670 இற் கரையிலிருந்து காட்டுக்குச் சென்ற சுரூபம், 2008 இற் காட்டிலிருந்து கரைக்கு வந்தது. ஊர் கலைந்தால் திருவிழா கலையும். திருவிழா கலைந்தால் கூத்துப் பழகும் இரவுகள் இல்லாது போகும். கலைவடிவமொன்றின் தேய்வை இரசனை மாற்றத்தாற் மட்டும் விளக்க முற்படுவது இவ்வரலாற்றின் முன் நிற்கமாட்டாது.

போருக்குப் பின்னர் திருவிழாக்கள் மீண்டுள்ளன, கூட்டமும் பெருகியுள்ளது. 2015 சனவரி 14 இல் யோசப் வாஸ் அடிகளாரைக் கொழும்பிற் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்றே மடுவுக்கும் வந்தார். புலம்பெயர்ந்தோரின் பணம் ஒலியையும் ஒளியையும் அலங்காரத்தையும் பெருக்கியது. ஆனால் பணத்தால் வாங்கக்கூடியவை பெருகுவதும் பழகிப்பெற வேண்டியவை அருகுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. ஒலிபெருக்கியை ஒருநாளில் வாடகைக்குப் பெறலாம். அண்ணாவியாரின் நூற்றுக்கணக்கான மெட்டுகளைப் பெறுவதற்கு ஆண்டுகள் வேண்டும், அவரும் வேண்டும்.

அத்துடன் கடலும் காற்றுமே இப்போது வழக்குப்பொருளாகி விட்டன. பாக்கு நீரிணையில் இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துச் செல்லுதல் பல்லாண்டுத் துயரம். சோழகம் இன்று மின்வலுவின் மூலமாகக் கணிக்கப்படுகின்றது. 100 மெகாவாற்று அளவிலான தம்பபவனி காற்றாலைத் தொகுதி தீவின் தென்கரையில் நிற்கின்றது. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிய மணல் அகழ்வதற்கும் எதிராக 2025 இல் மன்னார் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். மாசற்ற மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. எனினும் ஒரு கரையைப் பற்றி முடிவெடுக்கும்போது அக்கரையின் மக்கள் எண்ணப்படுகின்றனரா என்பது வேறு வினா. தொழிலும் திருநாளும் கலையும் ஒரே காற்றைச் சார்ந்து அமைந்த சமூகத்தை அறியாதவர், அங்கு வெறும் மணலையும் காற்றையும் மாத்திரமே காண்பர். அந்த அறியாமைக்குப் பல்கலைக்கழகத் தமிழாய்வும் ஓரளவு பொறுப்பேற்றல் வேண்டும். கரையூரை ஒரு சிந்திக்கும் சமூகமாக அது நாட்டுக்கு எடுத்துக்காட்டவில்லை.

பேராசிரியர் வித்தியானந்தன் இப்பனுவல்களைப் பதிப்பித்திராவிடின் இன்று வாதிப்பதற்கே பொருள் இருந்திராது. அச்சு, சொல்லைக் காத்தது. மெட்டையும் மத்தள அடியையும் களத்தின் மூச்சையும் காக்க அதனால் இயலாது. 1965 இற் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கத்தோலிக்க அரங்க மரபைப் புதுமேடைக்கு இசைவாக்கியமை பாராட்டுக்குரியது. ஆயினும் நகர மேடையின் பணி வேறு, ஊர்முன்றலின் பணி வேறு. இன்று செய்யத்தக்கவை மூன்று. வாழும் அண்ணாவிமாரின் பாடல்கள் மெட்டு வேறுபாடுகளுடன் முழுமையாக ஒலிப்பதிவு செய்யப்படல் வேண்டும். ஊர்களிற் கைமாறி வரும் கொப்பிகள், ஓரங்களில் எழுதப்பட்ட குறிப்புகளோடு படியெடுக்கப்படல் வேண்டும். எந்த ஆண்டில், எத்திருவிழாவில், எவர் எப்பாத்திரம் ஏற்றனர் என்ற குறிப்பே கரையோரத்தின் எழுதப்படாத சமூக வரலாறாகும். மூன்றாவதாக, இவ்வாய்வு கரையூரைச் சேர்ந்த மாணவரின் கைக்கு, சிறப்பாகப் பெண்களின் கைக்கு, வருதல் வேண்டும். அவர்கள் தகவலாளராக மட்டும் இருந்த காலம் முடிவுறல் வேண்டும்.

இம்மூன்றும் நிகழுமாயின், மன்னார்க் கூத்துப் பனுவல்கள் தமிழ் நாடக வரலாற்றின் அடிக்குறிப்பில் நின்று விடுபடும். குருவும் அரசும் கைவிட்ட காலத்தில் தம் மொழியையும் நினைவையும் தாமே காத்துக்கொண்ட உழைக்கும் மக்களின் இலக்கியமாக அவை வாசிக்கப்படும். அவ்வாறு வாசிக்கப்படுவதற்கு அவை முழுவுரிமை உடையன.